பென்டிரைவில் வந்த ஷார்ட்கட் வைரஸ், போக மாட்டேன் என்கிறது

மகளின் ஹால் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டு போனேன். வினையும் கூடவே வந்துவிட்டது. வீட்டுக் கணினியில் செருகினால் எல்லா ஃபோல்டரும் 1 கேபி ஷார்ட்கட்டாக நிற்கிறது. யோசிக்காமல் ஒன்றை டபுள் கிளிக் வேறு செய்து தொலைத்தேன்.

கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் கட்டளை கொடுத்ததும் மறைந்திருந்த ஃபைல்கள் தெரிந்தன, நல்லவேளை. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஃபுல் ஸ்கேனில் இரண்டு சிக்கின. அப்புறமும் வேறு பென்டிரைவைச் செருகினால் அதே கதை. டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் (ஸ்கிரிப்ட் ஃபைல்களை இயக்கும் விண்டோஸ் புரோகிராம்) ஓடுகிறது. நிறுத்தினாலும் ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிடுகிறது.

விண்டோஸ் 10தான். ஸ்டார்ட்அப்பில் ஒன்றும் இல்லை; புரோகிராம்களைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருக்குமோ? டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் போதுமா, ஃபார்மட்தான் வழியா? டி டிரைவ் முழுக்கக் குடும்பப் போட்டோக்கள், அதனால்தான் தயங்குகிறேன். அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.