புதுப்பிப்பு: எப்பாக்சி மேல் பெயிண்ட் உரிந்த படகு இப்போது தண்ணீரில்

வீட்டில் நானே செய்த 8 அடி பிளைவுட் படகில் எப்பாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) மேல் அடித்த பெயிண்ட் தோல் தோலாக உரிகிறது, அடிமூலையில் நீர் கசிகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பெயிண்டுக்குத் தைப்பிங் அண்ணன் சொன்னதுதான் பலித்தது. நம் ஊர் ஈரக்காற்றில் எப்பாக்சி இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டிவிடுகிறது. நான் அதைக் கழுவாமல் மணல் தாளால் தேய்த்து இன்னும் பரப்பியிருக்கிறேன். அது தண்ணீரிலேயே கரையும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் வழுவழுப்பு போகும்வரை கழுவி, துடைத்து, காய்ந்த பிறகுதான் மணல் தாள் போட வேண்டும். இரண்டு வாரமாகிறது, நகத்தால் சுரண்டினாலும் பெயிண்ட் வரவில்லை.

கசிவைக் கண்டுபிடிக்க, படகை முக்காலி மேல் ஏற்றி உள்ளே தண்ணீர் ஊற்றச் சொன்னார் கிள்ளான் அக்கா. பலகைகளை இணைக்கச் செம்புக் கம்பி தைத்த இரண்டு துளைகளில் வெளியே முத்து முத்தாக அரும்பியது. நன்றாகக் காயவிட்டு, மரத்தூள் கலந்த எப்பாக்சியால் அடைத்து, மேலே கண்ணாடியிழைப் பட்டை ஒட்டினேன்.

எதிர்பாராதது ஒன்று: குவளையில் மொத்தமாகக் கலந்த எப்பாக்சி சூடேறிப் புகைந்து, குவளையே நெளிந்துவிட்டது. அப்புறம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றினேன், பிரச்சினை இல்லை.

ஞாயிறு காலை பெஸ்தாரி ஜெயா பக்கத்து லம்பத்தில் (பழைய ஈயச் சுரங்கக் குளத்தில்) இறக்கினோம். பாதுகாப்பு அங்கியோடு அப்பா முன்னால் உட்கார்ந்தார். கரை சேரும்வரை அடிப்பலகையைத் தடவிக்கொண்டே வந்தார். காய்ந்தே இருந்தது.