கட்டமைப்பு வரைபடமும் ஒருங்கிணைப்புப் பணியும் எந்த இடத்தில் சந்திக்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தில் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் எனப்படும் நிறுவனக் கட்டமைப்பைக் கவனிக்கும் குழு ஒன்றும், மென்பொருள் அமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் இன்டகிரேஷன் குழு ஒன்றும் தனித்தனியே இயங்குகின்றன. முதல் குழு, நிறுவனக் கட்டமைப்பைப் படிப்படியாக வடிவமைப்பதற்கான டோகாஃப் முறையைப் பின்பற்றி, கட்டமைப்பு வரைபடங்களுக்கான மொழியான ஆர்க்கிமேட் குறியீட்டில் வரைபடங்களைப் பராமரிக்கிறது. இரண்டாவது குழு ஏபிஐ (ஒரு மென்பொருள் மற்றொன்றை நேரடியாக அழைக்கும் வழி), மெசேஜ் கியூ (செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் வழி), இரவு நேரக் கோப்புப் பரிமாற்றம் ஆகியவற்றைக் கட்டி, சோதித்து, இயக்கத்தில் வைத்திருக்கிறது. இரண்டிலும் திறமையானவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள் மனக்கசப்பும் கிடையாது. ஆனாலும் ஒரு குழு எழுதி வைப்பது மற்றொரு குழுவின் அன்றாட வேலைக்குப் பயன்படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆர்டர் அமைப்புக்கும் பில்லிங் அமைப்புக்கும் நடுவே வரைபடத்தில் இருப்பது ஒரே ஓர் அம்புக்குறி. நடைமுறையில் அங்கே மூன்று வழிகள் ஓடுகின்றன: புதிய ஆர்டர் கியூ வழியாகப் போகிறது, ரத்து ஏபிஐ அழைப்பாகப் போகிறது, வரித் திருத்தங்கள் இரவுக் கோப்பில் போகின்றன. கியூவில் நெரிசல் இருக்கும்போது, வாடிக்கையாளர் ஆர்டர் செய்த சில நொடிகளில் ரத்து செய்தால், ரத்து முந்திக்கொண்டு பில்லிங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்படி ஓர் ஆர்டரே தன்னிடம் இல்லை என்று பில்லிங் அதை நிராகரிக்கிறது. பின்னால் வந்து சேரும் ஆர்டருக்கு வழக்கம்போல பில் போட்டுவிடுகிறது. இந்தச் சிக்கல் எங்கள் வரைபடம் எதிலும் தெரியாது. கட்டமைப்புக் குழு இதை நடைமுறைக் கோளாறு என்கிறது, இன்டகிரேஷன் குழு இதை வடிவமைப்புக் கோளாறு என்கிறது.

நான் அறிய விரும்புபவை மூன்று. டோகாஃப் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இன்டகிரேஷன் குழுவினர் உள்ளே வர வேண்டும்? கட்டமைப்பு வரைபடம் எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும்? நிறுவனம் முழுமைக்கும் பொதுவான ஒரே தரவு மாதிரியை முதலில் எழுதிவிட்டு, அதன்பிறகு இணைப்புகளைக் கட்டலாம் என்று எங்கள் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். அது சரியான பாதையா?

முதல் மறுமொழி

உங்கள் முதல் கேள்விக்கு டோகாஃபுக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகின்றன என்பதுதான் வருத்தம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டாஃபிம் என்ற கட்டமைப்பு வரையறையை அடித்தளமாகக் கொண்டு 1995-இல் வெளிவந்த இந்த முறை, 2022-இல் பத்தாம் பதிப்பை எட்டியிருக்கிறது. இதன் கட்டங்கள் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. தரவையும் பயன்பாட்டு மென்பொருள்களையும் வடிவமைக்கும் சி கட்டத்தில் பயன்பாடுகளைப் பற்றிப் பேசும்போது, இடைமுகங்களின் (அமைப்புகள் ஒன்றோடொன்று பேசும் வழிகளின்) பட்டியலையும், எந்தப் பயன்பாடு எதனோடு பேசுகிறது என்பதைக் காட்டும் அட்டவணையையும் தயாரிக்கலாம் என்று அது வழிகாட்டுகிறது. தீர்வுகளைத் திட்டங்களாகத் தொகுக்கும் ஈ கட்டத்தில், அமைப்புகள் சேர்ந்து இயங்குவதற்கான தேவைகளை ஒருங்கே திரட்டி, அவற்றுக்குள் இருக்கும் முரண்களைத் தீர்க்கச் சொல்கிறது. செயல்படுத்தலைக் கண்காணிக்கும் ஜி கட்டத்தில், திட்டக் குழுக்களோடு கட்டமைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு, கட்டப்படுவது அதற்கு இணங்க இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்கிறது.

நடப்பது வேறு. சி கட்டம் அழகான படங்களோடு முடிகிறது. மாற்றத் திட்டத்தை வகுக்கும் எஃப் கட்டத்தில் நாள் குறித்த பிறகுதான் இன்டகிரேஷன் குழுவுக்குச் செய்தி போகிறது. அப்போது அவர்களால் சொல்ல முடிந்ததெல்லாம் அந்த நாளுக்குள் முடியுமா முடியாதா என்பது மட்டுமே. எனவே அவர்களில் மூத்த ஒருவர் சி கட்டத்திலேயே உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆலோசகராக வந்து போனால் போதாது, இடைமுகப் பட்டியலை எழுதும் பொறுப்பே அவருடையதாக இருக்க வேண்டும்.

நுணுக்கம் பற்றி: வரைபடம் இடைமுகம் வரை இறங்க வேண்டும், புலங்கள் (ஒரு செய்திக்குள் இருக்கும் தனித்தனித் தகவல் கூறுகள்) வரை இறங்கக் கூடாது. நீங்கள் சொன்ன ஒற்றை அம்புக்குறி மூன்றாகப் பிரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண், தருபவர் யார், பெறுபவர் யார், அது தொழில் மொழியில் எதைச் சொல்கிறது, இரு பக்கமும் முரண்பட்டால் எந்தப் பக்கத்தின் தரவு செல்லுபடியாகும், எவ்வளவு தாமதம் பொறுக்கலாம் ஆகியவை பதிவாக வேண்டும். புலங்களின் பெயர், நீளம், வகை எல்லாம் இன்டகிரேஷன் குழுவின் களஞ்சியத்திலேயே இருக்கட்டும். இரண்டு இடங்களிலும் அதே அடையாள எண் இருந்தால் போதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். 20 அமைப்புகள் இருந்தால் 190 இணைகள் சாத்தியம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் உண்மையில் பேசிக்கொள்பவை அதில் சிறு பகுதிதான் என்பதால், இந்தப் பட்டியலைப் பராமரிப்பது மலைப்பான வேலையாக இராது.

இரண்டாம் மறுமொழி

நான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் பக்கத்திலிருந்து வருபவன் என்பதால், மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் துறையில் ஒருங்கிணைப்பு என்பது கட்டி முடித்த பின் தொடங்கும் வேலை அன்று. 2002-இல் முதன்முதலாக வெளிவந்து 2023 வரை திருத்தப்பட்டு வந்திருக்கும், அமைப்புகளின் வாழ்க்கைச் சுழற்சிக்கான ஐஎஸ்ஓ 15288 தரநிலை, கட்டமைப்பு வரையறையையும் ஒருங்கிணைப்பையும் தனித்தனிச் செயல்முறைகளாக வைத்தாலும், எந்த வரிசையில் எதை எதோடு சேர்ப்பது என்ற உத்தி வடிவமைப்பைக் கட்டுப்படுத்தும் என்பதை ஏற்கிறது. சேர்க்கும் வரிசை தெரியாமல் பிரித்த வடிவமைப்பைச் சோதிக்கவே முடியாமல் போகலாம். பில்லிங் தயாராகும் முன் ஆர்டர் அமைப்பைச் சோதிக்க வேண்டுமானால், பில்லிங்கின் இடத்தில் நின்று பதில் சொல்லும் போலி ஒன்று தேவை. அந்தப் போலியை யார் எழுதுவது, அது உண்மையான பில்லிங்கைப் போலவே நடந்துகொள்கிறது என்பதை யார் உறுதி செய்வது என்பவை வடிவமைக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆவணம் இருந்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் நிகழ்வு, 1999 செப்டம்பரில் நாசா இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தைப் பற்றியது. உந்துவிசைக் கணக்கை நியூட்டன்-செகண்ட் அலகில் தர வேண்டும் என்று இடைமுக ஆவணம் தெளிவாகவே சொல்லியிருந்தது. ஆனால் தரையிலிருந்த ஒரு மென்பொருள் அதை பவுண்டு-விசை-செகண்ட் அலகில் எழுதித் தந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு உண்டு. ஆவணம் எழுதப்பட்டிருந்தது, கோப்பும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கோப்பில் இருப்பது ஆவணத்தில் சொன்னதுதானா என்பதை மட்டும் இரு முனைகளையும் சேர்த்து வைத்து யாரும் முழுமையாகச் சோதிக்கவில்லை. உங்கள் கட்டமைப்புக் களஞ்சியத்தில் எழுதியிருப்பதற்கும் கியூவில் ஓடுவதற்கும் நடுவே அப்படி ஒரு சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வரைபடம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பயன் குறைவு.

கேள்வியாளர்

இருவருக்கும் நன்றி. இடைமுகப் பட்டியல் எங்களிடம் பெயரளவில் இருக்கிறது, ஆனால் காலாவதியான எக்செல் கோப்பாக இருக்கிறது. அதை ஒருமுறை சரிசெய்து தர ஆளிருக்கிறது, தொடர்ந்து சரியாக வைத்திருக்கத்தான் ஆளில்லை. தவிர, ஆர்டருக்கு ஓர் உரிமையாளர், பில்லிங்குக்கு ஓர் உரிமையாளர் என்று எங்களிடம் இருக்கிறார்கள்; இரண்டுக்கும் நடுவே உள்ளதற்கு யாரும் இல்லை. இதை எப்படித் தீர்ப்பது?

மூன்றாம் மறுமொழி

நான் இணைப்புகளைக் கட்டுபவன். உரிமை பற்றி எங்கள் குழுவில் பின்பற்றும் வழக்கத்தைச் சொல்கிறேன். செய்தியின் வடிவத்துக்குத் தருபவர் உரிமையாளர். அந்தச் செய்தியில் தனக்கு எது இன்றியமையாதது என்பதைச் சோதனையாக எழுதித் தரும் கடமை பெறுபவருடையது. பெறுபவர் எழுதிய சோதனைகள் தருபவரின் பில்ட் பைப்லைனில் (நிரலைத் தானாகச் சோதித்து வெளியிடும் தொடரில்) ஓடும். தருபவர் ஒரு புலத்தை நீக்கினாலோ பொருளை மாற்றினாலோ, அந்த மாற்றம் வெளியே போகும் முன்பே பைப்லைன் தடுத்துவிடும். யாரும் யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பி நினைவூட்ட வேண்டியதில்லை. ஏபிஐ என்றால் ஓப்பன் ஏபிஐ வடிவில், கியூ என்றால் அசிங்க் ஏபிஐ வடிவில் ஒப்பந்தத்தை எழுதி, அதன் தலைப்பிலேயே கட்டமைப்புக் களஞ்சியத்தின் அடையாள எண்ணையும் சேர்த்துவிடுகிறோம். எண் இல்லாத ஒப்பந்தம் பைப்லைனைத் தாண்டாது. பட்டியல் காலாவதியாகாமல் இருப்பதற்கு நான் பார்த்தவற்றில் இதுதான் நம்பகமான வழி, ஏனெனில் பட்டியலைப் புதுப்பிப்பது தனி வேலையாக இல்லாமல் வெளியீட்டின் ஒரு படியாகிவிடுகிறது.

உங்கள் ரத்துச் சிக்கலுக்கு வருகிறேன். ஒரே ஆர்டரைப் பற்றிய இரண்டு செய்திகளை இரண்டு வெவ்வேறு பாதைகளில் அனுப்பினால், அவை அனுப்பிய வரிசையிலேயே வந்து சேரும் என்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் உத்தரவாதம் தராது. இரண்டையும் ஒரே கியூவில், ஆர்டர் எண்ணைச் சாவியாக வைத்து அனுப்புவது ஒரு வழி. அது இப்போதைக்கு முடியாதென்றால், தனக்குத் தெரியாத ஆர்டருக்கு வரும் ரத்தை பில்லிங் நிராகரிக்காமல் தனியே எடுத்து வைத்து, ஆர்டர் வந்து சேர்ந்ததும் அதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் ஆர்டர் வரவில்லையென்றால் ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். அதே ரத்து இரண்டு முறை வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். இவற்றோடு, ஆர்டர் அமைப்பில் நிலுவையில் உள்ளவையும் பில்லிங்கில் பில் போடப்பட்டவையும் ஒத்துப்போகின்றனவா என்று நாள்தோறும் ஒத்துப்பார்க்கும் வேலை ஒன்று ஓடட்டும். இதை வடிவமைப்புக் கோளாறு என்பேன் நான். இரண்டு பாதைகள் என்று முடிவெடுத்தபோதே வரிசை பற்றிய கேள்வி எழுந்திருக்க வேண்டும். வரைபடத்தில் ஒரே அம்புக்குறி இருந்ததால் அது எழவில்லை.

நிறுவனம் முழுமைக்கும் ஒரே தரவு மாதிரி என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. வாடிக்கையாளர் என்றால் விற்பனைப் பிரிவுக்கு வாங்கக்கூடியவர், பில்லிங்குக்குப் பணம் கட்டுபவர், டெலிவரிக்குப் பொருளைப் பெற்றுக்கொள்பவர். மூவரும் ஒருவராகவும் இருக்கலாம், வேறு வேறு ஆட்களாகவும் இருக்கலாம். இவர்களை ஒரே உருவத்துக்குள் அடைக்கப் பார்த்தால், எல்லாப் புலங்களும் விருப்பத்துக்குரியவை என்று குறிக்கப்பட்ட பெரிய ஆவணம் ஒன்று பிறக்கும். எதுவும் கட்டாயமில்லாத ஒப்பந்தத்தை நம்பி யாராலும் நிரல் எழுத முடியாது. பொதுவாக வைக்க வேண்டியவை குறைவு: ஆர்டர் எண், வாடிக்கையாளர் எண் போன்ற அடையாளங்கள், ஐஎஸ்ஓ 4217 நாணயக் குறியீடு, ஐஎஸ்ஓ 8601 தேதி வடிவம், யார், எப்போது அனுப்பியது போன்ற, எல்லாச் செய்திகளுக்கும் பொதுவான உறைத் தகவல். மற்றவற்றை அந்தந்த எல்லைக்குள்ளேயே விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓர் அமைப்பின் வடிவம் அதை உருவாக்கும் மனிதர்களின் தொடர்பு வடிவத்தை ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். உங்கள் இரண்டு குழுக்களும் பேசிக்கொள்ளாமல் இருக்கும்வரை வரைபடமும் நிரலும் பேசிக்கொள்ளாது.

முதல் மறுமொழியாளர்

ஒப்பந்தச் சோதனை பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பைப்லைனைத் தாண்டுவது மட்டுமே களஞ்சியத்தில் இருக்கும் என்ற நிலை வந்தால் ஓர் இழப்பு உண்டு. பழைய அமைப்புகள் பலவற்றுக்கு பைப்லைனே கிடையாது. ஆண்டு முடிவில் ஒருமுறை மட்டும் ஓடும் கோப்பும், யாரோ ஒருவர் கையால் இறக்கி ஏற்றும் அறிக்கையும் எந்தத் தானியங்கிக் கருவியின் கண்ணிலும் படாது. அவற்றை ஆளிடம் போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும். மேலும், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பைப் பார்த்தால் அது இருக்கிறது என்று தெரியும், ஏன் இருக்கிறது என்று தெரியாது. வரித் திருத்தம் மட்டும் ஏன் இரவுக் கோப்பில் போகிறது? அதற்குச் சட்டக் காரணம் இருக்கலாம், பழைய அமைப்பின் இயலாமையும் காரணமாக இருக்கலாம். முதலாவது என்றால் அதை மாற்றக் கூடாது, இரண்டாவது என்றால் மாற்றலாம். இந்த ஏன் என்பதைக் காப்பதுதான் கட்டமைப்புக் குழுவின் வேலை. அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே இன்டகிரேஷன் குழு தானாகத் தேடி வரும் என்பது நான் கண்டது.

நான்காம் மறுமொழி

அமைப்புகளை மாற்றும் காலத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். இரு குழுக்களும் அதிகம் விலகுவது அங்கேதான். கட்டமைப்புக் குழு இன்றைய நிலையையும் இலக்கு நிலையையும் வரைகிறது. ஆனால் இன்டகிரேஷன் குழு பெரும்பாலான காலத்தை இரண்டுக்கும் நடுவிலேதான் கழிக்கிறது. பழைய பில்லிங்கும் புதிய பில்லிங்கும் சேர்ந்து ஓடும் மாதங்களில், ஆர்டரை இரண்டில் எதற்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் இடைப் பாலம் ஒன்று வேண்டும். இரண்டின் கணக்கையும் ஒத்துப்பார்க்கும் நிரலும் வேண்டும். இவை எந்த இலக்கு வரைபடத்திலும் இடம்பெறாது.

ஆர்க்கிமேட் 2016-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்புக்கு முன்பிருந்தே, இடைக்கால நிலைகளை வரைவதற்கென்று பிளாட்டோ என்ற கூறைத் தருகிறது. பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாறும் ஒவ்வொரு கட்ஓவரையும் ஒரு பிளாட்டோவாக வரைந்து, அந்த நிலையில் உயிரோடு இருக்கும் இடைமுகங்களை மட்டும் அதில் காட்டுங்கள். தற்காலிக இணைப்புக்கும் அடையாள எண் கொடுங்கள். ஆனால் அதை எப்போது அகற்ற வேண்டும் என்ற தேதியும், அகற்றும் செலவுக்கான ஒதுக்கீடும் இல்லாமல் எண் தராதீர்கள். புதிய அமைப்பு இயக்கத்துக்கு வரும் கோ-லைவ் முடிந்ததும் திட்டக் குழு கலைந்துவிடும், பாலம் மட்டும் அங்கேயே நிற்கும். அடுத்து வருபவர் அதை நிரந்தரம் என்று நம்பி அதன்மேல் புதிதாக ஒன்றைக் கட்டிவிடுவார்.

உங்கள் எக்செல் கோப்பை முழுவதுமாகச் சரிசெய்யத் தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. அடுத்து வரவிருக்கும் கட்ஓவர் எதுவோ, அது தொடும் இடைமுகங்களை மட்டும் இரு குழுவினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுங்கள். ஆர்டருக்கும் பில்லிங்குக்கும் நடுவே உள்ள மூன்றும் அதில் வந்தால், அவற்றிலிருந்தே தொடங்கலாம்.