மாடியில் குடியிருக்கும் ஈரான் பெண்ணுக்கு விசா முடியப்போகிறது. வீட்டுக்காரி நான் என்ன செய்யலாம்?

அல்சூர்க்காரி:

வணக்கம். பிறந்தது அல்சூர், இப்போது பெங்களூருவிலேயே வேறு பக்கம் சொந்த வீடு. (தெரு, காலேஜ், பாடம் எல்லாம் எழுதியிருந்தேன். கீழே ஒருவர் சொன்னதும் எடுத்துவிட்டேன்.)

மாடி போர்ஷனில் மூன்று வருஷமாக ஈரானிலிருந்து படிக்க வந்த ஒரு பெண் குடியிருக்கிறாள். என்னை ஆன்ட்டி என்பாள், இவரை அங்கிள். வாடகை ஐந்தாம் தேதி தவறியதில்லை. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு டீயை அதன் வழியாகவே உறிஞ்சிக் குடிப்பாள். கட்டிக்கு அவர்கள் பாஷையில் 'கந்த்' என்று பேர். நான் கற்கண்டு கொடுத்தால் அதுவும் அப்படியே வாய்க்குள் போகும். சோறு வடிக்கும்போது பானை அடியில் பிடிக்குமே, நாம் காந்தல் என்று சுரண்டிப் போடுவது, அதை வேண்டுமென்றே பொன்னிறமாகப் பிடிக்கவைத்து விருந்தாளிக்கு முதலில் வைப்பார்களாம்.

விஷயத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண்ணை, முக்காடு சரியாகப் போடவில்லை என்று தெஹ்ரானில் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அப்புறம் நாடு முழுக்கத் தெருவில் இறங்கியதே, அந்தக் கூட்டத்தில் இவளும் இவள் அண்ணனும் இருந்தார்கள். அண்ணன் எட்டு மாதம் ஜெயிலில் இருந்தான். இவள் இங்கே படிக்க வந்துவிட்டாள். இப்போது படிப்பு முடிந்துவிட்டது, சீக்கிரமே விசாவும் முடியப்போகிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அவர்கள் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும், அதற்குப் பயப்படுகிறாள். அப்பா போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்கிறார், கடைசியில் "வராதே" என்கிறார், வைத்துவிடுகிறார்.

போன தீபாவளிக்கு அவள் கம்பி மத்தாப்பு கொளுத்துவதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். பத்து நிமிஷத்தில் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்தாள். "ஆன்ட்டி, டெலிட்" என்று மட்டும் சொன்னாள். கை நடுங்கியது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, என்ன பெரிய போட்டோ என்று. ராத்திரி யோசித்தபோதுதான் உறைத்தது.

இவருக்கு வேறு கவலை. "நாளைக்கு போலீஸ் வந்தால் என்ன பதில் சொல்லுவே?" என்கிறார். கெட்ட மனுஷர் இல்லை, தண்ணி லாரி வராத நாளில் அவளுக்கும் சேர்த்து பக்கெட் தூக்குகிறவர். 36 வருஷம் கம்பெனியில் ரூல் பார்த்தே வேலை செய்தவர், அவ்வளவுதான்.

அவள் சட்டப்படி இங்கே இருக்க வழி உண்டா? எங்களுக்குச் சிக்கல் வருமா? தூதரகத்துக்கு நானே போன் போட்டு, ஒரு தாய் மாதிரி அவளுக்காகப் பேசலாமா?

கோர்ட்டு குமாஸ்தா:

அம்மா, முதல் வேலையாகத் தெருப் பெயரையும் காலேஜையும் எடுங்கள். ஈரான் பெண், இந்தப் பாடம், இந்த வருஷம் என்று சேர்த்துப் பார்த்தால் பெங்களூருவில் எத்தனை பேர் தேறுவார்கள்? நீங்களே ஆளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தூதரகத்துக்குப் போன் வேண்டவே வேண்டாம். எந்த அரசுக்குப் பயந்து அவள் இங்கே ஒதுங்கியிருக்கிறாளோ, அந்த அரசின் வாசல் அது. நீங்கள் நல்ல மனசோடு சொல்லும் ஒரு வாக்கியம் அங்கே அவள் அப்பாவைத் தேடிப் போகும்.

இனி சட்டம். நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீசில் இருபது வருஷம் கட்டுத் தூக்கியவன். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆனாலும் தில்லியில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. ஈரான் மாதிரி நாடுகளிலிருந்து வருகிறவர்களை அவர்கள்தான் பதிவு செய்து, விசாரித்து, அகதியா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். பாரசீக மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், சொல்வதை அவள் நாட்டு அரசுக்குத் தெரிவிக்க மாட்டார்கள். எந்தக் கட்டத்திலும் பணம் கிடையாது. அகதி அட்டை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கிறவன் புரோக்கர்.

அந்த அட்டை விசா ஆகாது. 2011 கடைசியில் உள்துறை ஒரு நடைமுறை வகுத்தது. அதன்படி, அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது என்று பட்டால் நீண்டகால விசாவுக்குப் பரிசீலிக்கலாம். 'லாம்' என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். அதனால் விசா முடியும் முன்பே எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில், அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், ஆன்லைனில் நீட்டிப்பு கேட்டு மனுப் போடட்டும். 2025இல் வந்த புதுச் சட்டத்தில், காலம் தாண்டித் தங்கினால் மூன்று வருஷம் வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம். சார் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவள் குடிவந்ததும் ஃபார்ம் சி, அதாவது வெளிநாட்டவர் தங்குகிறார் என்று வீட்டுக்காரர் தெரிவிக்கும் படிவம், போட்டீர்கள்தானே?

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. பெண் என்றாலே 1987 சட்டப்படி இலவச உதவி, வருமானம் பார்க்க மாட்டார்கள்.

நேர்வழி:

உணர்ச்சிவசப்பட வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே, அதுவும் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், இந்தியா தர்மசத்திரம் இல்லை என்று சொல்லிவிட்டது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கோர்ட்டு குமாஸ்தா:

நேர்வழி அண்ணே, அதே உச்ச நீதிமன்றம்தான் 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உயிர் வாழும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்றது. அரசியல் சட்டத்தில் 19ஆம் பிரிவு குடிமகனுக்கு, 21ஆம் பிரிவு எந்த மனிதருக்கும். 1998இல் குஜராத் உயர் நீதிமன்றம், உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஆளைத் திருப்பி அனுப்பாமல் இருப்பதும் அந்த 21க்குள் வரும் என்று இராக்கிய அகதிகள் வழக்கில் சொல்லியிருக்கிறது. நீங்கள் சொன்னதும் பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை. கதையா நிஜமா என்று பார்ப்பதற்குத்தான் தில்லியில் விசாரணை. மாடிப்படியில் நின்று நாம் தீர்ப்பு சொல்ல முடியாது.

மண்டபத்துப் பிள்ளை:

அக்கா, உங்கள் மத்தாப்புக் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1990இல் அம்மாவும் அப்பாவும் இலங்கையிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். நான் மண்டபம் முகாமில் பிறந்தேன், இப்போது ஒயிட்ஃபீல்டில் வேலை. வந்து இறங்கிய அன்று கரையில் அம்மாவை ஒருவர் படம் எடுத்தார். பாவம், உதவி கிடைக்கட்டும் என்றுதான் எடுத்திருப்பார். அந்தப் பேப்பர் எப்படியோ ஊருக்குப் போய், மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அம்மா இன்றைக்கும் கல்யாண வீட்டில் கேமரா வந்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுவார்.

ஒரு வேலை சொல்கிறேன். அந்தத் தங்கச்சியோடு ஒரு ராத்திரி உட்கார்ந்து, என்று எங்கே நின்றாள், யார் வந்தது, அண்ணனைப் பிடித்தது எந்த நாள் என்று அவள் கையால், அவள் பாஷையில் எழுதவையுங்கள். விசாரணையில் தேதி குழம்பினால் பொய் என்று நினைக்க இடமுண்டு. பயந்த ஆளுக்குத் தேதி குழம்பத்தான் செய்யும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், கேள்வி கேட்காதீர்கள். அண்ணன் வழக்கின் தாள் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவைக்கட்டும்.

அப்புறம், அவளை வைத்து உங்கள் சொந்தக்காரர்களிடம் கதை பேசாதீர்கள். நல்லதாகக்கூட.

அல்சூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. தூதரகத்துக்குப் போன் போடவில்லை. இந்தப் பதிவையே ஏன் போட்டேன் என்று இருக்கிறது, இருந்தாலும் கேட்காவிட்டால் போன் போட்டிருப்பேன்.

ஃபார்ம் சி அன்றைக்கே போட்டாயிற்று. இவர்தான் போட்டார், நகல் ஃபைலில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்ததும் இவருக்குப் பாதிப் பயம் போய்விட்டது. நீட்டிப்பு மனுவையும் இவரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவளோடு நிரப்பினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஏற்றி.

நேற்று ராத்திரி அவள் எழுதினாள். வலமிருந்து இடமாக நாலு பக்கம். எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. நடுவில் ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது, ரொம்ப நேரம் நின்றது. நான் டீ போட எழுந்து போனேன்.

தில்லிக்கு மூவருமாகப் போகிறோம். ரயிலில் சீனியர் சிட்டிசன் சலுகையை 2020லேயே எடுத்துவிட்டார்களே என்று முனகிக்கொண்டு இவர் டிக்கெட் போட்டுவிட்டார். எந்த நாள், எந்த வண்டி என்று எழுத மாட்டேன்.