நோவா ஸ்கோஷியா வெள்ளை ஒயினுக்கு 20-க்கு 11: பிழை ஒயினிலா, என் நாக்கிலா?

பாம்பன்_கரை:
அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் வேலை பார்க்கும் என் மச்சான், மே மாத விடுப்பில் தங்கச்சிமடம் வந்தபோது, நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ‘டைடல் பே’ வகை வெள்ளை ஒயினில் இரண்டு பாட்டில் கொண்டு வந்தார். நான் குடித்துப் பழகியவை நாசிக் சிவப்பு ஒயினும் கோவாவின் இனிப்பான போர்ட் ஒயினும்தான் என்றாலும், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் வகுத்த 20 மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு, ஓராண்டாகக் குடிக்கிற ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வருகிறேன்.

முதல் பாட்டிலை மாலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் திறந்தோம். என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்: “நிறம் வெளிர் பச்சை கலந்த மஞ்சள். மணம் ஏறக்குறைய இல்லை. வாயில் வைத்ததும் அரைநெல்லிக்காயைக் கடித்தது போன்ற புளிப்பு, தாடையோரம் கூசுகிறது. கனம் இல்லை. கடைசி மடக்கில் சாராய நெடி.” மொத்தம் 11 போட்டேன். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த ஊரில் இதை நடுவர் குழு சுவைத்துத் தேர்ந்தபின்தான் அந்தப் பெயரில் விற்கவே விடுவார்களாம். பிழை எங்கே இருக்கிறது? இரண்டாவது பாட்டில் இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது.

தொண்டி_கப்பல்காரன்:
தம்பி, பயணிகள் கப்பலின் உணவகத்தில் பல ஆண்டுகள் ஒயின் பரிமாறியவன் என்ற முறையில் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குறிப்பு நேர்மையானது, கூட்டல்தான் தவறு. டேவிஸ் தாளில் மொத்த அமிலத்துக்கு ஒதுக்கியிருப்பது 2 மதிப்பெண் மட்டுமே. நீங்கள் ஒன்பது மதிப்பெண் இழந்திருக்கிறீர்கள் என்றால், அதே புளிப்புக்காகச் சுவையிலும் கனத்திலும் பொதுத் தரத்திலும் திரும்பத் திரும்பக் கழித்திருப்பீர்கள் என்பது என் ஊகம். ஒரு குற்றத்துக்கு நான்கு முறை அபராதம் போடுவது நியாயமில்லை.

அடுத்து, அந்தப் புளிப்பு குற்றமே அல்ல. திராட்சை பழுக்கும்போது, பச்சை ஆப்பிளில் உள்ள அதே மாலிக் அமிலத்தைத் தன் சுவாசத்தில் எரித்துக் குறைத்துக்கொண்டே வருகிறது. வெயில் கூடக் கூட அது வேகமாக எரிகிறது, குளிர்ந்த இரவுகளில் தங்கிவிடுகிறது. நாசிக்கின் வெயிலில் விளைந்த பழத்துக்குப் பழகிய நாக்கு, அந்த அமிலத்தைக் காய்வெட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். குளிர்ப் பிரதேச ஒயினில் கேட்க வேண்டிய கேள்வி, “புளிக்கிறதா?” என்பதல்ல, புளிப்புக்கு ஈடாகப் பழச்சுவையோ, சிறிதளவு எஞ்சிய இனிப்போ இருக்கிறதா, விழுங்கிய பின்னும் சுவை நாவில் நிற்கிறதா, அல்லது புளிப்பு மட்டும் தனியாக நிற்கிறதா என்பதுதான்.

மணம் இல்லை என்பதற்கும் கடைசி மடக்கில் சாராய நெடி வந்ததற்கும் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் 4 பாகை செல்சியஸில் ஊற்றியிருப்பீர்கள். அந்தக் குளிரில் மணம் எழும்பாது, புளிப்பு மட்டும் துருத்தும். பிறகு மே மாத மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருக்கும்போதே அது 20 பாகையைத் தாண்டியிருக்கும். அப்போது ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். இடையில் 8 முதல் 10 பாகைக்குள் இருந்த சில நிமிடங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். எதில் ஊற்றிக் குடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பாம்பன்_கரை:
எவர்சில்வர் டம்ளரில்தான், அண்ணே. பக்கத்துத் தெருவில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது என்பதையும், கச்சான் காற்று எங்கள் மாடியைப் பார்த்தே வீசியது என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

தொண்டி_கப்பல்காரன்:
அப்படியானால் 11 கொடுத்ததே தாராளம்.

ஹாலிஃபாக்ஸ்_தமிழன்:
இங்கிருந்து சில தகவல்கள். டைடல் பே என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் அல்ல. 2012-இல் அறிமுகமான, இந்த மாகாணத்தின் முதல் வட்டார ஒயின் அடையாளம். பழம் முழுவதும் நோவா ஸ்கோஷியாவில் விளைந்ததாக இருக்க வேண்டும், ஆல்கஹால் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஆண்டுதோறும் நடுவர் குழு பெயர் மறைத்துச் சுவைத்து ஒப்புதல் தர வேண்டும். ஆகவே கனம் இல்லை என்று நீங்கள் எழுதியது சரியான கவனிப்பு, ஆனால் அது குறை அல்ல. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள்.

திராட்சையில் பெரும்பகுதி அன்னாபொலிஸ் பள்ளத்தாக்கில் விளைகிறது. அதை ஒட்டிய ஃபண்டி விரிகுடாவின் மினாஸ் படுகையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வித்தியாசம் உண்டு. பாம்பனில் ஒரு மீட்டருக்குள் ஏறி இறங்கும் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, படகுகள் சேற்றில் அமர்ந்திருந்ததை முதன்முறை கண்டபோது ஏதோ விபத்து என்றே தோன்றியது. அந்தக் கடல் கோடை வெயிலைத் தணிக்கிறது, இலையுதிர் காலத்துப் பனியைத் தள்ளிப்போடுகிறது. இங்கே அதிகம் நடப்படும் லாக்காடி பிளாங், 1953-இல் ஒன்டாரியோவில் உருவாக்கிய கலப்பு ரகம். பிப்ரவரி 2023-இல் அடித்த கடுங்குளிரில் ரீஸ்லிங், ஷார்டனே போன்ற ஐரோப்பிய ரகங்களின் மொட்டுகள் பெருமளவு கருகின. கலப்பு ரகங்கள்தான் ஓரளவு தாக்குப்பிடித்தன. லேபிளில் எந்த ஆண்டு என்று பாருங்கள்.

இங்கே இதை இறால், சிப்பி, லாப்ஸ்டருடன் குடிக்கிறார்கள். நம் ஊர் முண்டு மிளகாய்க் காரத்துக்கும் பொருந்தும், ஏனென்றால் ஆல்கஹால் கூடினால் காரம் எரிச்சலாக மாறும்; இதில் அது குறைவு.

சாயல்குடி_பனை:
எனக்கு ஒயினைப் பற்றித் தெரியாது, பதநீரைப் பற்றித் தெரியும். விடியலில் இறக்கிய பதநீரை அப்போதே குடித்தவனும், அதே கலயத்தைப் பத்து மணி வெயிலில் குடித்தவனும் ஒரே மதிப்பெண் போட மாட்டார்கள். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்திருந்தால் இரண்டாமவன் குடித்தது பதநீரே அல்ல. அதனால் கப்பல்கார அண்ணன் நேரத்தையும் சூட்டையும் பற்றிச் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் “புளிப்பு அந்த வகையின் இயல்பு” என்று சொல்லிவிட்டால், எந்த ஒயினுக்குத்தான் மதிப்பெண் குறைப்பது? இரண்டாவது டம்ளர் கேட்கத் தோன்றியதா இல்லையா என்பதற்கும் தாளில் ஓர் இடம் வேண்டாமா?

தொண்டி_கப்பல்காரன்:
நியாயமான கேள்வி. நான் இரண்டு எண் எழுதுவேன்: ஒன்று, அந்த வகைக்குள் அது எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு, மற்றொன்று, எனக்குப் பிடித்ததா என்பதற்கு. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக ஆக்குவதில்தான் சண்டையே வருகிறது.

பாம்பன்_கரை:
இரண்டாவது பாட்டிலை நேற்றிரவு, கதவையும் ஜன்னலையும் அடைத்து, வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வைத்திருந்து சுவைத்தேன். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், வலையிலிருந்து அப்போதுதான் உதறிய சிப்பியின் ஈர வாடை. அரைநெல்லிக்காய் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் அரைநெல்லியைத் தின்று தண்ணீர் குடித்தால் வரும் அந்த இனிப்பு, விழுங்கிய பின் மெல்ல வந்தது. முண்டு மிளகாய் அரைத்துப் போட்டு வறுத்த நீலக்கால் நண்டு பாதி தீர்வதற்குள் பாட்டில் காலியாகிவிட்டது. வகைக்கு 15, எனக்குப் பிடித்ததற்கு 13. லேபிளில் இருப்பது 2022, அந்தக் கடுங்குளிருக்கு முந்தைய அறுவடை. மச்சான் 13-ஐ மட்டும் படித்துவிட்டு இன்னும் என்னோடு பேசவில்லை.