சீசன் நெரிசலில் பஸ்ஸில் மாட்டிய அனுபவம் – நீலகிரிக்காரர்கள் எழுதுங்கள்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வேலைக்குப் போகிறவள் நான். சாதாரண நாளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போன மே மாதம் மலர்க்காட்சி நேரத்தில் ஊட்டி சேரிங்கிராஸ் சந்திப்புக்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் கார் கார் கார். பலவற்றில் இரண்டு மூன்று பேர்தான். எங்கள் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அத்தனை பேரை ஏற்றி வந்த பஸ்ஸுக்கும் அந்த வரிசையில் ஒரு வண்டிக்கான மரியாதைதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பஸ் மாட்டினால் விஷயம் அதோடு முடியாது. அடுத்த சிங்கிள், அதாவது ஒருவழி ஓட்டம், அடிக்க நேரமிருக்காது, டிரிப் கட். ஸ்டாப்பில் காத்து நின்றவர் மறுநாள் ஸ்கூட்டரை எடுப்பார். ரோட்டில் இன்னொரு வண்டி, பஸ்ஸுக்கு இன்னும் தாமதம். 2024-இல் மலைப்பகுதிப் பெண்களுக்கும் கட்டணமில்லாப் பயணம் வந்தது, பெரிய உதவி. அந்த பஸ் நேரத்துக்கு வர வேண்டாமா?

பர்லியார் பக்கத்திலிருந்து ஒருவர்:
மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு. பஸ் திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும் என்பது தெரியாமல் இறங்கி வந்த கார் ஒன்று வளைவுக்குள் நுழைந்துவிட்டது. கண்டக்டர் இறங்கி, அதன் பின்னால் நின்றவற்றை ஒவ்வொன்றாக ரிவர்ஸ் எடுக்க வைத்தார். கடைசி வண்டி நகரும்வரை எங்கள் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. ரோட்டை அகலப்படுத்தச் சொல்கிறார்கள். மலையை வெட்டினால் மழைக்கு மண் சரியும். அப்படியே அகலமாக்கினாலும் அத்தனை வண்டியும் போய் நிற்பது ஊட்டி டவுனில்தானே?

கோத்தகிரியிலிருந்து இன்னொருவர்:
அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011-இல் சொன்னதும் இதுதான்: ரோடு எவ்வளவு கூடுகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கு வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது. 2025 சீசனில் உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தது. வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே வாங்க வேண்டிய இ-பாஸ் அனுமதி அரசு பஸ்ஸுக்கு வேண்டாம். அதாவது கட்டுப்பாடு வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

திருப்பூர்ச் சொந்தக்காரர்களிடம் காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறச் சொன்னேன். வந்தார்கள், பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மலை இறங்கும்போதுதான் கஷ்டம், ஏற இடமில்லாமல் மூன்று பஸ் நிறைந்தே போய்விட்டது. சாயங்காலம் கூடுதல் பஸ் விட்டால் அடுத்த வருஷமும் அப்படியே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.