உதவி: 1998-ல் மலேசியப் பொருளாதாரம் 28 விழுக்காடு சரிந்ததாக வருகிறது, எங்கே தவறு?

உட்லண்ட்ஸ் அம்மா:
வணக்கம். என் மகள் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. சிங்கப்பூர், மலேசியா இரண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியையும் 1990 முதல் ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டும். உலக வங்கித் தளத்தில் எண்களை இறக்கி எக்செலில் போட்டோம். 1997-ல் இரண்டுமே ஏறத்தாழ 100 பில்லியன் அமெரிக்க டாலர். மறு ஆண்டே மலேசியா 72, சிங்கப்பூர் 86. ஆனால் பாடக் குறிப்பில், மலேசியா அந்த ஆண்டு 7.4 விழுக்காடு சுருங்கியது என்றுதான் இருக்கிறது. 2015-லும் கோடு இறங்குகிறது. 1999 முதல் 2004 வரை மலேசியாவின் கோடு பெரிய சரிவில்லாமல் ஏறுகிறது. இரண்டு முறை மறுபடி இறக்கிப் பார்த்துவிட்டோம்.

1998-ல் என் அண்ணன் ஜோகூரில் வேலையை இழந்தார். அந்த ஆண்டைத் தப்பாகக் காட்டிவிடக் கூடாது. வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
எண்களில் தவறில்லை அக்கா. நீங்கள் எடுத்திருப்பது நடப்பு டாலர் வரிசை. அதில் உற்பத்தி, விலைவாசி, நாணய மாற்று விகிதம் மூன்றும் கலந்திருக்கும்.

1998-ஐயே பிரித்துப் பாருங்கள். ரிங்கிட்டில் மலேசியாவின் உற்பத்தி 1997-ல் சுமார் 282 பில்லியன், 1998-ல் 283 பில்லியன். இறங்கவே இல்லை! ஆனால் ஒரு டாலரின் சராசரி விலை 2.81 ரிங்கிட்டிலிருந்து 3.92 ஆனது. 283-ஐ 3.92-ஆல் வகுத்தால் உங்கள் 72 வந்துவிடும். ரிங்கிட் கணக்கு இறங்காததற்குக் காரணம் விலை ஏற்றம். அதைக் கழித்தால்தான் 7.4 விழுக்காட்டுச் சுருக்கம் தெரியும். உங்கள் அண்ணனின் வேலையைப் பறித்தது அந்தச் சுருக்கம்தான்.

1999 முதல் 2004 வரை கோடு ஒழுங்காக இருப்பதும் இதனால்தான். 1998 செப்டம்பரிலிருந்து 2005 ஜூலை வரை ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டி வைத்திருந்தார்கள். 2015-ல் ரிங்கிட் மறுபடி விழுந்தது. அந்த ஆண்டு உண்மையில் 5 விழுக்காடு வளர்ச்சி.

அதே தளத்தில், விலை ஏற்றத்தைக் கழித்துக் காட்டும் '2015 நிலையான விலை' வரிசை இருக்கிறது, அதை எடுங்கள். அப்புறம் இரு நாட்டுக்கும் 1997-ஐ 100 என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

தெம்பனிஸ் தாத்தா:
ஏன் 100 என்று வைக்க வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள் அம்மா. நிலையான விலை வரிசையில் எல்லா ஆண்டுகளும் 2015-இன் மாற்று விகிதத்தில்தான் டாலராகின்றன. அன்று ரிங்கிட் மலிவு. அதனால் மலேசியாவின் கோடு முழுவதும் இருக்க வேண்டியதைவிடத் தாழ்ந்தே நிற்கும். ஏற்ற இறக்கத்தை நம்பலாம், உயரத்தை வைத்து யார் பெரியவர் என்று முடிவு கட்டக் கூடாது. 1973 வரை நம் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாற்று விகிதம் எவ்வளவு தூரம் நகரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உட்லண்ட்ஸ் அம்மா:
சரியாக வந்துவிட்டது! 1998-ல் மலேசியா 92.6, சிங்கப்பூர் 97.8. மிக்க நன்றி. இன்னொரு கேள்வி: இப்போது எந்தப் பொருளாதாரம் பெரியது என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதை எழுதுவது?

கணக்குப்பிள்ளை:
எந்த அளவுகோல் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 2023-இல் நடப்பு டாலரில் சிங்கப்பூர் சுமார் 500 பில்லியன், மலேசியா சுமார் 400 பில்லியன். வாங்கும் திறன் அடிப்படையில், அதாவது இரு நாட்டு விலை வேறுபாட்டைச் சரிக்கட்டிப் பார்த்தால், மலேசியாதான் பெரியது. ஜோகூர் பாருவில் முடிவெட்டிக்கொண்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதே வேலைக்கு அங்கே விலை குறைவு.

தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். தினமும் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு வருபவர்களின் உழைப்பு நம் உற்பத்தியில் சேரும், அவர்கள் நம் மக்கள்தொகையில் சேர மாட்டார்கள். இதை ஒரு அடிக்குறிப்பாகப் போட்டால் போதும்.