கொம்பனி கை மாறினால் பழைய சம்பளப் பாக்கிக்குக் காலக்கெடு எப்போது தொடங்கும்?

ஈஸ்ட்ஹாம்வாசி | 2023 ஜூலை 3

லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் இரவு கிளீனிங் வேலை செய்கிறேன். மே 1இல் கொன்ட்ராக்ட் வேறு கொம்பனிக்குப் போனது. 'டியூப்பி' (TUPE, வேலை வேறு கொம்பனிக்குக் கை மாறும்போது வேலையாட்களின் உரிமையைக் காக்கும் விதிகள்) என்று ஒரு கடிதம் தந்து, பட்ஜை மாற்றினார்கள். அதே வார்டு, அதே வாளி.

பழைய கொம்பனி பெப்ரவரியிலிருந்து இரவு அலவன்ஸை வெட்டியது. ஏப்ரல் 28இல் அவர்கள் போட்ட கடைசிச் சம்பளத்திலும் வெட்டு. புதிய மனேஜர், "அது அவர்கள் காலத்துக் கணக்கு" என்கிறார். பழைய எச்ஆர், "நீங்கள் இப்போது எங்கள் ஆள் இல்லை" என்கிறது. புதியவர்கள் ஒழுங்காகத் தருவதால் சண்டை பிடிக்கவும் மனமில்லை. கிரீவன்ஸ் (முறைப்பாட்டு) கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை பொறுக்கலாமா? கூட வேலை செய்பவர் ஆறு வருடம் வரை வழக்குப் போடலாம் என்கிறார்.

டூட்டிங் அண்ணை | ஜூலை 3

பொறுக்காதீர்கள் தங்கச்சி. யூனியனில் இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்: கிரீவன்ஸ் பதிலுக்குக் காத்திருந்தே தவணையை விட்டுவிடுவார்கள். கிரீவன்ஸ் கடிகாரத்தை நிறுத்தாது.

சம்பள வெட்டுக்கு, வேலை வழக்குகளை விசாரிக்கும் ட்ரிபியூனலில் மனுப் போட மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. தொடர்ந்து வெட்டியிருந்தால் கடைசி வெட்டிலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்கு ஜூலை 27. புதியவர்கள் முழுச் சம்பளம் தருவதால் அங்கே புது வெட்டு இல்லை, கணக்கும் நீளாது.

அதற்குள் ஏகாஸுக்கு (ACAS, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் அமைப்பு) அறிவித்துச் சமரசம் தொடங்குங்கள். இலவசம்தான். அது நடக்கும் நாட்கள் காலக்கெடுவில் சேராது. ஏகாஸ் தரும் சான்றிதழ் இல்லாமல் ட்ரிபியூனல் மனுவை ஏற்காது.

ஆறு வருடம் என்பது கவுண்டி கோர்ட்டில் ஒப்பந்த மீறலுக்கு. அங்கே கட்டணம் கட்ட வேண்டும். ட்ரிபியூனல் கட்டணத்தை 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்துவிட்டது.

மாலா_ஹாரோ | ஜூலை 4

யார் மீது வழக்குப் போடுவது என்பதுதான் பெரிய பிரச்சினை. 2006 டியூப்பி விதிகளின் 4ஆம் விதிப்படி வேலையோடு பழைய பாக்கியும் புதிய கொம்பனிக்குப் போகும். ஆகவே அந்த மனேஜர் சொல்வது பிழை. ஆனால் அவர்கள் நாளைக்கு "இது டியூப்பியே இல்லை" என்று வாதாடலாம். இரண்டு கொம்பனிக்கும் தனித்தனியாக ஏகாஸ் சான்றிதழ் எடுங்கள். பெயரை பே ஸ்லிப்பில் உள்ளபடியே எழுதுங்கள், பட்ஜில் இருப்பது வியாபாரப் பெயராக இருக்கலாம்.

ஈஸ்ட்ஹாம்வாசி | ஜூலை 4

நன்றி அக்கா, அண்ணை. கை மாறுவதற்கு முன் எங்களை யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. அதற்கும் கேட்கலாமா?

டூட்டிங் அண்ணை | ஜூலை 5

கேட்கலாம், அது தனி வழக்கு. கை மாறிய நாளிலிருந்து மூன்று மாதம், அதாவது ஜூலை 31. ஆளுக்கு 13 வாரச் சம்பளம் வரை கிடைக்கும், இரு கொம்பனியும் சேர்ந்து பொறுப்பு. உங்கள் இடத்தில் கொம்பனி அங்கீகரித்த யூனியன் இருந்தால் அதைத்தான் யூனியன் போட வேண்டும், இன்றைக்கே பிரதிநிதியிடம் சொல்லுங்கள்.

மாலா_ஹாரோ | 2025 டிசம்பர் 20

இதைத் தேடி வருபவர்களுக்கு: டிசம்பர் 1 முதல் ஏகாஸ் சமரசம் ஆறு வாரமல்ல, பன்னிரண்டு வாரம் வரை. காலக்கெடுவை ஆறு மாதமாக்கும் சட்டத்துக்கு டிசம்பர் 18இல் அரச ஒப்புதல் கிடைத்தது, ஆனால் அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இப்போதைக்கு மூன்று மாதம் என்றே நாளை எண்ணுங்கள்.